வெள்ளை வீட்டில் பால் காய்ச்சியது

என் தங்கையின் கணவர் ஸ்டாக்ஹோமில் பல வருடம் பஸ் ஓட்டிவிட்டு லண்டனுக்குக் குடிவந்தவர். சுவீடனிலிருந்து இங்கே வந்த எங்கள் ஆட்கள் தடித்த ஜக்கெட்டும் கொஞ்சம் சுவீடிஷ் தூஷணமும் கொண்டுவந்தார்கள். மச்சான் ஒரு கொள்கையைக் கொண்டுவந்தார். அலங்காரம் என்றால் பொய், வேலை இல்லாத பொருளுக்கு வீட்டில் இடம் இல்லை. கொள்கை இவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு பின்னேரம் பிடிக்கும்.

விம்பிள்டனில் பழைய வீடு ஒன்றை வாங்கியதும் முதல் வேலையாகக் கூரையில் இருந்த சாந்துப் பூக்களைச் சுரண்டி எறிவித்தார். சுவர் வெள்ளை. கதவு வெள்ளை. அலுமாரிகளுக்குக் கைப்பிடி கிடையாது, தள்ளினால் திறக்கும், எங்கே தள்ளுவது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். வளைத்த பேர்ச் மரக் கதிரைகள், குச்சிக் கால் மேசை ஒன்று.

நான் இருக்கிற பிளேஸ்டோவிலிருந்து போகும்போதெல்லாம் பிரசங்கம் நடக்கும்.

"அந்தக் காலத்திலை சுவீடனிலை சனம் ஒரு இருட்டறைக்குள்ளை குடும்பத்தோடை கிடந்தது, மச்சான். வெளிச்சமும் காத்தும் எல்லாருக்கும் வேணும், தொழிலாளியின்ரை வீட்டிலையும் வடிவான கோப்பை இருக்கவேணும் எண்டு சொன்னது ஆர்? அலங்காரம் வேண்டாம் எண்ட சுவீடன் கட்டடக்காரர்தான்."

அதில் நான் குறை சொல்லமாட்டேன். இருட்டில் கிடந்த சனத்துக்கு ஜன்னல் வைத்துக் கொடுத்தவனைக் கும்பிடலாம். ஆனால் அந்த ஜன்னலைக் காட்டி என் தங்கையின் சாமிப் படங்களையும் பிள்ளையார் சிலையையும் ஏன் அலுமாரிக்குள் பூட்டவேண்டும்? பிள்ளையாருக்கு என்ன வேலை என்று மச்சானின் கொள்கை கேட்டதாம். பதில் கிடைக்கவில்லையாம்.

குசினிக்கு இன்னொரு விளக்கம். சுவீடனில் நிபுணர்கள் பெண்கள் சமைப்பதை நின்று பார்த்து, எங்கே குனிகிறார்கள், எங்கே எட்டுகிறார்கள் என்று அளந்துதான் மேடையின் உயரத்தைத் தீர்மானித்தார்களாம். மச்சானும் அதே உயரத்தில் எண்ணெய் பூசிய வெளிர்மர மேடை போடுவித்தார். அளவெடுத்த அந்தக் குசினியில் தங்கை சின்ன முக்காலியில் ஏறி நின்றால்தான் கறி கிண்ட முடியும்.

அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணை, சுவீடன் முழுக்க வாடகை வீட்டிலைதான் இருந்தனான். இது என்ரை முதல் சொந்த வீடு. குடிபூரலுக்குப் பால் பொங்கி வழியவேணும். எனக்கு அது போதும்."

குடிபூரல் அன்று ஐயர் வந்து, அலுமாரியைத் திறந்து வைத்து, சேட்டு மாட்டுகிற இடத்தில் நின்ற பிள்ளையாருக்கு மந்திரம் சொன்னார். வட லண்டன் எட்மண்டனிலிருந்து வந்த எங்கள் பெரியம்மா வாசலில் நின்றே வீட்டை அளந்தார்.

"என்னடா தம்பி, இவை குடி வந்திட்டினமோ, இல்லாட்டி வெளிக்கிடினமோ?"

"இதுதான் பெரியம்மா ஸ்டைல்."

"பல்லுப் பிடுங்கிற இடம் மாதிரிக் கிடக்கு. பேரைக் கூப்பிடும் வரைக்கும் இருக்கட்டோ?"

அண்ணன் சீராக நான் கொண்டுவந்த பித்தளைப் பானையை அடுப்பில் வைத்தோம். அது கண்ணாடித் தட்டு அடுப்பு. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அது பாத்திரமாகவே மதிக்காது. கீக் கீக் என்று கத்தியது. மச்சானுக்குச் சந்தோஷம். தனது வெள்ளைப் பானையைக் கொண்டுவந்து வைத்தார். பாலை ஊற்றிச் சூட்டை மூன்றில் விட்டார்.

எல்லோரும் சுற்றி நின்றோம். பால் சூடானது. ஆடை கட்டியது. ஓரத்தில் இரண்டு குமிழி வந்து, யோசித்து, திரும்பிப் போனது.

"நேரம் போகுது," என்றார் ஐயர்.

"கூட்டி விடுங்கோ," என்றாள் தங்கை.

"கூட்டினா வழியும்," என்றார் மச்சான்.

"வழியத்தானே காய்ச்சிறது!"

"இஞ்சேரும், இது எண்ணெய் பூசின மரம். பால் பட்டால் கறை போகாது. பால் காயுதுதானே? காய்ச்சினதுக்கு அது காணும். வழியிறதாலை என்ன பிரயோசனம்?"

கையில் மடித்த துணியுடன், தீயணைப்புக்காரனைப் போல நின்றார் மனிதர். ஒரு நாட்டையே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த கொள்கை, விம்பிள்டனில் ஒரு பானைப் பாலுக்குப் பயந்து நின்றது.

பெரியம்மா பெருமூச்சு விட்டார். "பால் இல்லையடா, மனிசிதான் இஞ்சை பொங்கப் போறாள்."

தங்கை முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கணவரைப் பார்க்கவில்லை.

"இது என்ரை வீடோ, இல்லாட்டி நான் உங்கடை மரத்துக்குக் காவலுக்கு நிக்கிறனோ?"

கேட்டபடியே விரலைத் தட்டில் வைத்து ஒன்பதுக்கும் அப்பால் தள்ளினாள். பால் ஒரு மூச்சில் எழும்பி ஆடையைக் கிழித்துக்கொண்டு நான்கு பக்கமும் பாய்ந்தது. "பொங்கீட்டுது!" என்று வீடே கத்தியது. நனைந்த அடுப்பு தானாகக் கத்தி அணைந்துபோனது. மச்சான் துணியோடு பாய்ந்தார். தங்கை அவருடைய கையைப் பிடித்து, கடைசிச் சொட்டு மரத்தில் இறங்கும்வரை விடவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு அவளுக்கு.

கறை போகவில்லை. மச்சான் உப்புத்தாள் போட்டார், எண்ணெய் போட்டார், அது இன்னும் கறுத்தது.

போன மாதம் போனபோது அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணம் இருந்தது. சுவீடனிலிருந்து எடுப்பித்ததாம்.

"உள்ளை என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை."

"அப்ப உதுக்கு என்ன வேலை, மச்சான்?"

"சும்மா... வடிவுக்கு," என்றார் அவர்.

தங்கை தேநீர் போட வந்தாள். கிண்ணத்தைத் தூக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டு, அலுமாரியிலிருந்து பிள்ளையாரை எடுத்து அந்தக் கறையின் மேல் இருத்தினாள். மச்சான் வாயைத் திறந்தார்.

"தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு?" என்று கேட்டாள்.