கூடார வாசலில் அமாவாசைச் சோறு

"...அதுக்காக, அமாவாசையும் அதுவுமா எங்கப்பாவுக்கு வைக்காம நான் மட்டும் தின்னுட முடியுமா? நீங்களே சொல்லுங்க" என்றபடி, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கொண்டுவந்த சோற்றைத் தட்டில் குவித்தாள் என் மனைவி.

எங்கள் ஊர் ஆண்டிமடத்தில் மாடிச் சுவரில் வைத்தால் காக்காய் வந்துவிடும். இது கென்யாவில், காட்டை ஒட்டிய கூடார விடுதி. கடற்கரை ஓட்டலா, இதுவா என்று மகன் கேட்டபோது, "உப்புத் தண்ணியப் பார்க்கவா அவ்ளோ தூரம் போறது? மிருகத்தப் பார்ப்போம்" என்று தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

வந்த அன்றே விடுதி ஊழியர் எச்சரித்திருந்தார். வெளியே உணவு வைக்கக் கூடாது. நம் சோற்றுக்குப் பழகிய குரங்கு கூடாரத்துக்குள் புகுந்து ஆளைக் கடிக்கும், பிறகு அதைச் சுட வேண்டிவரும் என்றார். விரலைத் துப்பாக்கிபோல நீட்டியும் காட்டினார். அதை அவளுக்கு நினைவூட்டினேன்.

"காக்கா தின்னதும் தட்டை எடுத்துடறேங்க. நம்ம வூட்டுப் பழக்கத்த எங்க கழட்டி வச்சுட்டு வர்றது?"

வாசலில் இருந்த மரத் தடுப்பின் மேல் தட்டை வைத்து, கா கா என்று கூப்பிட்டாள். அதுவரை கத்திக்கொண்டிருந்த பறவைகளும் அடங்கிவிட்டன. புதரிலிருந்து பெரிய நாய் அளவுக்கு ஒரு பபூன் குரங்கு வந்து, தடுப்பின் மறுமுனையில் ஏறி உட்கார்ந்தது. அது சோற்றைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தது.

"உள்ள வந்துடு. அத நீ பார்க்காத" என்றேன் மெல்ல.

"எங்கப்பாவும் இப்படித்தாங்க. சோறு போடுற வரைக்கும் வாயத் தொறக்காம நம்ம மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருப்பாரு" என்றவள், தட்டை அதன் பக்கமாகத் தள்ளினாள்.