கங்காணியை எழுப்பிய கனகவல்லி அக்கா

கனகவல்லி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாங்க, எந்திரிக்கலை." அழுகை வருவதற்கு முன் என் வாயில் வந்த கேள்வி, "கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டுத்தான் படுத்தாங்களா?" என்பதுதான். விசும்பலுக்கு நடுவே அவள் சிரித்துவிட்டாள். அக்காவோடு பழகிய உங்களுக்கு நான் கேட்டது தப்பாகத் தோன்றாது என்று நம்புகிறேன்.

எண்பதுகளில் நாங்கள் இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்தோம். நான் சின்னக் கிராணி, அதாவது கீழ்நிலை எழுத்தர். அக்கா டைப்பிஸ்ட். கோலாலம்பூர் தலைமை அலுவலகம் தனக்கு வேண்டாத ஒரு பழைய கணினியை லாரியில் ஏற்றி எங்களுக்கு அனுப்பியது. எழுபதுகளின் தொடக்கத்தில் செய்யப்பட்டது. பீரோ உயரம், நெஞ்சு நிறைய சுவிட்சுகள். அதைத் தொட எல்லோரும் பயந்தோம். அக்கா மட்டும் கூடவே வந்த தடிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், சோறு கொதிக்கும் நேரங்களில் படித்து முடித்தார். அப்படித்தான் அவர் எங்கள் தோட்டத்தின் கணினி ஆபரேட்டர் ஆனார்.

மூன்று வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. இனி எல்லாத் தோட்டங்களும் புதிய இயங்குதளத்துக்கு மாற வேண்டும். அது ஓடாத பழைய கணினிகள் காயலான் கடைக்குப் போகும். ஆபரேட்டர் வேலையும் அதோடு போகும். அக்காவைக் கீழ்நாட்டில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு மறுபடி டைப்பிஸ்ட்டாக மாற்றுவார்கள். கணவர் எங்கள் தோட்டத்து லாரி டிரைவர், பிள்ளைகள் எங்கள் தோட்டத்துப் பள்ளியில். குடும்பம் மலைமேல், வேலை மலைக்குக் கீழே என்றாகிவிடும்.

"பழைய மெஷின்ல புது சிஸ்டம் ஏறாதாம்," என்றார் தோட்ட மேனேஜர் துரை, வருத்தமாகத்தான்.

"ஏறாதுன்னு மெஷின் சொல்லட்டும் துரை. லெட்டர் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

துரை தலைமை அலுவலகத்துக்கு எழுதி ஒரு மாதத் தவணை வாங்கினார். மாதக் கடைசியில் ஒரு எஞ்சினியர் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது.

அக்கா ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு எழுதிப்போட, அவர் புதிய இயங்குதளத்தைச் சதுரத் தட்டு அளவு வட்டுகளில் இரண்டு செட்டாக அனுப்பிவைத்தார், ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று. அது எங்கள் கணினியின் தம்பி வகைக்கு எழுதப்பட்டது. தம்பிக்கு நினைவகம் அதிகம். எங்கள் அண்ணனுக்கு அந்தக் கெர்னல் தொண்டையிலேயே சிக்கியது.

கெர்னல் என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு அக்கா சொன்ன விளக்கத்தை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை. "கங்காணி லா தம்பி. அவன் எந்திரிச்சு காலைப் பெரட்டுக்கு வந்து பேர் கூப்பிட்டாத்தான் மத்த ஆளுங்களுக்கு வேலை. இந்தப் புதுக் கங்காணி மச்சான் மாமன்னு ஒரு கும்பலையே கூட்டிக்கிட்டு வந்திருக்கான். நம்ம லயத்து வீட்டுல எடம் பத்தாது. பாதிப் பேரை எறக்கி விடணும்."

மூன்று வாரம் இறக்கிவிட்டார். "டேப் டிரைவ் நம்மகிட்ட இருக்கா? இல்ல. அப்புறம் அந்த ஆளு எதுக்கு பெரட்டுல நிக்கிறான்? எறங்கு." அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டு அங்கே வேறு எண்களை நிரப்புவார். மாற்றிய ஒவ்வொரு எண்ணும் ஒரு நோட்டில் ஏறியது. கடைசியில் ஒரு புதன்கிழமை மாலை, திரையில் ஒரே ஒரு குறி மினுக்கியது. கங்காணி எழுந்துவிட்டான். அக்கா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எஞ்சினியர் வர ஆறு நாள் இருந்தது.

மறுநாள் ஆயுத பூஜை. அக்கா விடுப்பில் இருந்தார். ஆபீஸ் பூஜை என் பொறுப்பு. தட்டச்சு இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தேன். கொழுந்துத் தராசுக்கு, துரையின் ஜீப்புக்கு, காகிதத்தில் துளை போடும் கருவிக்குக்கூட வைத்தேன். கணினிக்கு நெஞ்சில் மூன்று பொட்டு. அப்போதுதான் மேசைமேல் அக்கா மாற்றியமைத்த வட்டு கண்ணில் பட்டது. ஒரு மாதம் அக்கா எதற்காகப் பாடுபட்டாரோ அதை விட்டுவிட்டால் சாமி குற்றமாகிவிடாதா? உறையிலிருந்து பக்தியோடு எடுத்தேன். கறுப்பு அட்டையின் நடுவே ஒரு திறப்பு, அதில் பழுப்பாக, பளபளவென்று உள்ளே இருக்கும் தகடு. சந்தனத்தை அங்கேதான் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். காய்ந்ததும் பத்திரமாக உறையில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கணினி மிளகாய் அரைப்பதுபோல் ஒரு சத்தம் போட்டது. அக்கா வட்டை வெளியே இழுத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சாமி கும்பிட்டது சரி தம்பி. பொட்டு வைக்க உனக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"நெத்தி மாதிரி இருந்துச்சுக்கா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கணினியின் இரண்டாவது டிரைவ் செத்து வெகுநாள் ஆகியிருந்ததால் அந்த வட்டுக்கு நகல் கிடையாது. நல்லவேளை, மாற்றம் செய்யாத இரண்டாவது செட் பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி அக்காவிடம் இருந்ததால் என் பக்தியிலிருந்து தப்பித்தது. அக்கா தோட்டத்து மருந்தகத்தில் ஸ்பிரிட் வாங்கிவந்து டிரைவின் உள்ளே துடைத்தார். பிறகு நோட்டை என் கையில் கொடுத்தார். "வாசி. ஒரு நம்பர் தப்பா வாசிச்சே, உன் நெத்தியில நான் வைப்பேன் பொட்டு."

மூன்று நாள் வாசித்தேன், ஞாயிறு உட்பட. அக்கா தட்டினார். சன்னலுக்கு வெளியே மெல்ல மெல்லக் கூட்டம் சேர்ந்தது. ஆபீசில் நாலு நம்பர் லாட்டரிக்குக் குறி சொல்கிறார்கள் என்று லயம் முழுக்கப் பேச்சாகி, ஆளாளுக்குத் தானா ராத்தா டவுனுக்குப் போய்ச் சீட்டு எடுத்தார்கள். தொழிற்சாலையின் டீ மேக்கர் ராமையா ரகசியமாக என்னைக் கூப்பிட்டு, "ஏன் தம்பி, எட்டும் ஒம்போதும் வரவே மாட்டேங்குது? ஆகாத நம்பரா?" என்று கேட்டார். அந்தக் கணினியின் எண் முறையில் ஏழுக்குமேல் இலக்கமே கிடையாது என்பதை அவருக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. ஆகாத நம்பர்தான் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எஞ்சினியர் வந்தார். அன்று பனிமூட்டம் கண்ணை மறைத்தது. ஈரக் குளிரில் அந்தக் கணினி கிளம்பாது என்பதால் அக்கா காலையிலிருந்தே அதை ஓடவிட்டு, கதவு சன்னலைச் சாத்தி, துரை பங்களா ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றியிருந்தார். எஞ்சினியர் கதவை அகலத் திறந்து வாசலிலேயே நின்றுகொண்டார். அவர் கண்ணில் முதலில் பட்டது மேசைமேல் கிடந்த, சந்தனம் பூசிய வட்டு.

"இது யார் செஞ்சது?"

நான் வாயைத் திறந்தேன். "அ... அது வந்து... சா..." என்று திக்கினேன்.

"நான்தான் சார்," என்றார் அக்கா. "எனக்கு பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. உள்ள வாங்க, கதவைச் சாத்துங்க." கோவிலில் சுண்டல் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் வரும் அக்கா.

எஞ்சினியர் உள்ளே வந்தார். அக்கா சுவிட்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினார். டிரைவ் உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. திரையில் அந்தக் குறி வந்து மினுக்கியது. எஞ்சினியர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் எதை எதையோ தட்டிப் பார்த்தார். கங்காணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். கணினி இருந்தது. அக்காவின் வேலையும் இருந்தது.

ஆனால் எஞ்சினியர் தன் அறிக்கையில், ஆபரேட்டர் திறமைசாலி, ஆனால் அஜாக்கிரதைக்காரர் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். இரண்டு வருடம் கழித்துப் பெரிய கிராணி பதவி காலியானது. நியாயமாக அது அக்காவுக்குத்தான் வந்திருக்க வேண்டும். அந்த ஒரு வரியைக் காட்டி எனக்குக் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மை அதுதான்.

அவர் ஓய்வுபெற்ற அன்றுதான் கேட்கத் துணிந்தேன். "ஏன்க்கா அன்னிக்குப் பழியை ஏத்துக்கிட்டீங்க?"

அக்கா பகோடாவை மென்றுகொண்டே சொன்னார். "அந்த ஆளு கதவைத் தொறந்து வச்சுக்கிட்டுக் கேள்வி கேக்குறான். நீ பயந்தா திக்குவே. நீ திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மெஷின் ஆறிப்போயிருக்கும் லா."

அது நிஜக் காரணமா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. அவர் கொடுத்த அந்தப் பதிலையே பத்திரமாக வைத்திருக்கிறேன். அவரை அஜாக்கிரதைக்காரர் என்று நம்பியவர்கள் உங்களிலும் சிலர் இருக்கிறீர்கள். அந்த வட்டில் பொட்டு வைத்தது நான். திக்காமல் சொல்லிவிட்டேன், அக்கா.