ஆரம்பாக்கத்து ஜீப்பின் ஹாரன்

போடியிலிருந்து பழைய ஜீப் வாங்க ஆரம்பாக்கம் வந்திருக்கிறேன். அம்மாவை ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஏற்றிப்போனதும் இதே மாதிரி ஜீப்தான்; வாசலில் நின்று இரண்டு முறை ஹாரன் அடிக்கும். காலையில் ஓட்டிப் பார்க்க ஏறி, ஹாரனை இரண்டு முறை அழுத்துகிறேன். எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் சாப்பாட்டுப் பையோடு ஓடி வருகிறாள். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே திரும்பிவிடுகிறாள்.

“கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு ஆளுங்கள ஏத்திக்கினு போன வண்டி, நைனா. இப்ப கம்பெனி பஸ்ஸே வருது. இவங்களுக்குத்தான் பழக்கம் போவல,” என்கிறார் ஜீப்பை விற்கும் முனுசாமி.

சாவியைக் கொடுக்கும்போது மெதுவாகச் சொல்கிறார்: “தெருவத் தாண்டற வரைக்கும் ஹாரன் அடிக்காத. எல்லாரும் வெளிய வந்துடுவாங்க.”

“சரிண்ணே.”

நெடுஞ்சாலையில் ஏறியதும் இரண்டு முறை அழுத்துகிறேன். அம்மா இருந்திருந்தால் தூக்குவாளியோடு வாசலுக்கு வந்திருப்பாள்.