எனக்குச் சர்க்கரை இல்லை என்ற கர்வம்

என் சகலை எனக்கு மூத்தவர். தென்காசியில் பெரிய ஜவுளிக்கடைக்காரர். நான் அதே ஊரில் பள்ளி வாத்தியார். மாமனார் வீட்டில் எப்போதும் அவருக்குத்தான் முதல் இலை போடுவார்கள். எனக்கு உள்ளுக்குள் எரியும். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷப்பட்டேன். நானும் போய்ச் சிறுநீரைச் சோதித்துக்கொண்டேன். சர்க்கரை இல்லை என்றார்கள். அன்றிலிருந்து வேண்டுமென்றே அவர் எதிரில் உட்கார்ந்து அல்வா தின்றேன்.

போன சாரலுக்கு இரண்டு குடும்பமுமாகக் குற்றாலம் போயிருந்தோம். செண்பகாதேவி அருவிக்கு ஏறும் வழியில் நெஞ்சில் பாறாங்கல்லை வைத்து அழுத்துவதுபோல் வலி வந்து உட்கார்ந்துவிட்டேன். சகலைதான் என்னைத் தாங்கிக் கீழே இறக்கி, கார் பிடித்து டாக்டரிடம் சேர்த்தார்.

இருதயக் கோளாறு என்றார் டாக்டர். ரத்தத்தையும் சோதித்தார்.

"சிறுநீரில் பார்த்தாயிற்று, எனக்குத்தான் சர்க்கரை வியாதி கிடையாதே" என்றேன்.

"வியாதின்னு சொல்லுத அளவுக்கு இல்ல. ஆனா ரத்தத்துல சர்க்கரை கூடுதலாத்தான் நிக்குது. நீர்ல தெரியலைன்னு இஷ்டத்துக்குத் திங்கலாமா? இதுவும் இருதயத்துக்கு ஆகாது."

பக்கத்தில் நின்ற சகலை, "ஒடம்பு தேறட்டும் தம்பி. என்கூட நடக்க வாரும்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது சீனி போடாத காப்பிதான் குடிக்கிறேன். தினமும் மாலையில் இருவரும் நடக்கிறோம். நான் மூச்சு வாங்க நிற்கும்போது அவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்தாலும் பொறாமையாகத்தான் இருக்கிறது. மறுநாள் என்னை நடக்கக் கிளப்புவதும் அந்தப் பொறாமைதான்.