மூன்றாவது ஆயில் சீல்

ஹரிகிருஷ்ணனுக்கு அணுமின் நிலையத்தின் பம்புகள் பிரிவில் வேலை. பத்தொன்பது வருஷத்தில் அவர் கை வைத்த பம்பு ஒரு சொட்டு ஒழுகியதில்லை. இந்தப் பெருமையை அவர் மனைவி சங்கரி நூறு தடவை கேட்டிருக்கிறாள். அவர்கள் குடியிருக்கும் அணுபுரத்துக்குக் காய்கறி கொண்டுவருகிறவர்கூட இரண்டு தடவை கேட்டிருக்கிறார். அப்பேர்ப்பட்டவரின் சொந்த பைக்கில், முன்சக்கரத்தைத் தாங்கும் இடதுபக்க ஃபோர்க்கில் ஆயில் ஒழுகியது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை இரண்டு முறை தானே மாற்றிவிட்டார். முதலாவது ஆறு வாரம் தாங்கியது. இரண்டாவது நாலே வாரம். போன புதன்கிழமை ஆயில் வழிந்து பிரேக் டிஸ்க்கில் இறங்கி, ஈ.சி.ஆர். சாலையில் ஏறும் திருப்பத்தில் பிரேக் வழுக்கிவிட்டது. குறுக்கே வந்த ஆட்டுக்குட்டி பிழைத்தது அதன் ஆயுசு கெட்டி என்பதால்தான்.

திங்கட்கிழமை வருகிறது. பதினோரு வருஷம் கழித்து சங்கரி வேலைக்குப் போகும் முதல் நாள். மாமல்லபுரத்தில் ஒரு நர்சரிப் பள்ளி. எட்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். "பஸ்ல போய்க்கிறேங்க" என்றவளிடம், "அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்று வீராப்பாகச் சொல்லித் தொலைத்திருந்தார்.

ஞாயிறு காலை, பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை இரவல் வாங்கிக்கொண்டு புதுப்பட்டினம் போய் மெக்கானிக் பார்த்திபனிடம் புது சீல் கேட்டார்.

"இன்னா சார், மூணாவது தபாவா? சீலு இன்னா பண்ணும் பாவம். மண்ணோ பொடியோ உள்ள பூந்துகினு கீது. பீச்சு மணல்ல வுட்டு ஓட்டுறீங்களா?"

"நான் பீச் பக்கமே போறதில்லப்பா."

"வண்டிய இங்க இட்டாங்க. ஒரு அவர்ல முட்ச்சி குடுக்கறேன்."

பம்புக்கு சீல் போடுகிற கை, ஒரு பைக்குக்காக இன்னொருவன் கையைப் பார்ப்பதா? சீலையும் ஆயிலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வண்டியைச் செங்கல்மேல் நிறுத்தி முன்சக்கரத்தைக் கழற்றினார். சீலைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தை நெம்பியபோது அது துள்ளிப் பறந்து செம்பருத்திச் செடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதைத் தேடியே முக்கால் மணி நேரம் போயிற்று. இதற்குள் சங்கரி மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டாள், மூன்று முறையும் எரிந்து விழுந்தார்.

முந்தைய இரண்டு முறையும் கழற்றிய பாகங்களை நேராக மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவிவிட்டார். இந்த முறை பார்த்திபன் சொன்னது மனதில் உறுத்தியதால், சீலுக்கு மேலே தூசி தடுக்கும் ரப்பர் மூடியை வெயிலில் திருப்பிப் பார்த்தார். உள்விளிம்பு முழுக்க மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. மோந்து பார்த்தார். சந்தனம்.

"சங்கரி, இங்க வா. வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பொட்டு எங்க வைக்கிற?"

அவள் கையிலிருந்த கரண்டியால் இடதுபக்க ஃபோர்க்கின் பளபளப்பான குழாயைக் காட்டினாள். "ஹெட்லைட்ல வச்சா வெளிச்சம் மறைக்குதுன்னு கத்துனீங்க. நம்பர் பிளேட்ல வச்சா ஃபைன் போடுவான்னு கத்துனீங்க. டேங்க்ல வச்சா பெயிண்ட் போயிடும்னீங்க. அதான் உங்க கண்ணுல படாத எடமா பாத்து வச்சேன்."

கண்ணில் எப்படிப் படும்? முதல் பள்ளத்தில் வண்டி இறங்கியதுமே ஃபோர்க் அந்தப் பொட்டை உள்ளே இழுத்துக்கொண்டு போய் சீலை அறுத்திருக்கும். வலப்பக்கம் சுவரோரம் நிற்பதால் அவள் கை எட்டாமல் அது மட்டும் தப்பித்தது.

"நீங்க வேற ஆயில் ஒழுவுதுன்னு பொலம்புனீங்களா, பிரேக் கிரேக் போயிடப் போவுதேன்னு செவ்வாய்க்கிழமையும் சேத்து வைக்க ஆரம்பிச்சேன்."

ஹரிகிருஷ்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாக்கு நுனிவரை வந்ததைச் சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் இரண்டு வருஷம் முன்பு இதே வண்டியிலிருந்து விழுந்து, கையில் கட்டோடு வீடு வந்தது அவர்தான். அடுத்த வெள்ளிக்கிழமை தொடங்கிய பொட்டு இது. எரிச்சலை யார்மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. "உள்ள போய் சாப்பாட்ட எடுத்து வை" என்றார்.

சாப்பிட்டுவிட்டு வந்து குழாயைத் துடைத்து, ஒரு துண்டு பி.வி.சி. பைப்பை மேலே வைத்துத் தட்டிப் புது சீலை இறக்கினார். ஆயில் அளந்து ஊற்றினார். பிரேக் கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்தார். முடித்து நிமிர்ந்தபோது மணி ஐந்து, இடுப்பு போயே போய்விட்டது.

மறுநாள் ஏழு மணிக்கு, புதுப் புடவையில் சங்கரி சந்தனக் கிண்ணத்தோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கேட்கவும் பயம்.

"ஹெட்லைட்ல வை."

"வெளிச்சம் மறைக்கும்னீங்களே."

"மறைச்சா மறைக்கட்டும்."

ஈ.சி.ஆர். ஏறும் திருப்பத்தில் இந்த முறை ஒரு ஆட்டு மந்தையே குறுக்கே வந்தது. ஹரிகிருஷ்ணன் பிரேக்கைப் பிடித்தார். வண்டி ஆணி அடித்து வைத்தாற்போல் நின்றது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையின் உழைப்பு அது.

பின்னாலிருந்து சங்கரி அவர் தோளைத் தட்டினாள். "பாத்தீங்களா, வைக்க வேண்டிய எடத்துல வச்சதும் எப்படி நின்னுச்சு?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆடுகள் போகும்வரை காத்திருந்தார்.