தூணில்லாத கட்டடத்துக்கு ஒரு டிக்கெட்

தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக நான் பார்க்கும் வேலை, அதிகாரிகளின் பயணப்படி பில்களைச் சரிபார்ப்பது. எந்த ரயில் எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்கும், எங்கே இறங்கி எங்கே மாறினால் அரை நாள் படி கூடும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. டெல்லிக்குப் போன அதிகாரி ஆட்டோவுக்குக் கூடுதலாக எழுதியிருந்தால் இங்கே உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவேன். இத்தனைக்கும் நான் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. போன ஊர்களும் கல்யாணம், கருமாதி, காதுகுத்து என்று காரணத்தோடு போனவைதான். சும்மா ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வருவது என்பது எங்கள் சொந்தக்காரர்கள் கணக்கில் கொஞ்சம் திமிர் பிடித்த காரியம்.

என் மனைவிக்கு அப்படி ஓர் ஆசை இருந்தது. ஏழாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் பிஜப்பூர் கோல் கும்பஸின் படத்தைப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கும் மிகப் பெரிய கும்மட்டம் என்று டீச்சர் சொன்னாராம். மதுரையில் வளர்ந்த பிள்ளைக்கு அது நம்ப முடியாத சேதி. இங்கே கோயிலுக்குள் நுழைந்தால் தூண், நாயக்கர் மகாலுக்குள் போனால் இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கைக்கு அடங்காத தூண். “தூணே இல்லாம அம்புட்டுப் பெரிய கட்டடம் எப்புடிங்க நிக்கும்? உள்ள போயி அண்ணாந்து பாக்கணும்” என்று கல்யாணமான முதல் வாரமே கேட்டாள். போவோம் என்றேன். அது ஆயிற்று இருபத்திரண்டு வருடம்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. மூன்று தடவை டிக்கெட் எடுத்து மூன்று தடவையும் ரத்து செய்தேன். ஒரு தடவை பங்காளி வீட்டுத் தீட்டு. ஒரு தடவை அலுவலகத்தில் தணிக்கை. மூன்றாவது தடவை மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம் என்று இன்றைக்கும் வாதாடுவேன். மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, போன ஆடி மாதத்தில் ஒரு நாள், என் மனைவி தையல் மிஷினில் இருந்து எழுந்திருக்காமலே சொன்னாள்: “இந்தத் தடவ போகலைன்னா விட்ருங்க. இனிமே நான் கேக்க மாட்டேன்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னாள்.

திட்டத்தை நான் போடுகிறேன் என்றேன். பில் பார்க்கிறவன் அல்லவா? ஆனால் அவள் ஏற்கெனவே ஒரு நாற்பது பக்க நோட்டில் பாதியை நிரப்பி வைத்திருந்தாள். வில்லாபுரத்தில் எங்கள் தெருப் பெண்களின் ரவிக்கை அளவுகளை எழுதும் அதே மாதிரி நோட்டு. திங்கட்கிழமை சாயங்காலம் மதுரையில் ரயில் ஏறினால் காலையில் பெங்களூர். பகலில் லால்பாக். அன்று ராத்திரி ரயிலில் ஹொஸ்பேட், அங்கிருந்து பஸ்ஸில் ஹம்பி. மறுநாள் பாதாமி. அதற்கு மறுநாள் பிஜப்பூர் போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை கதவு திறந்தவுடன் முதல் ஆளாகக் கும்மட்டத்துக்குள் போக வேண்டும். ஏன் முதல் ஆள்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்துவிட்டால் மேல் மாடத்தில் நின்று கத்துவார்களாம், எதிரொலியில் காது அடைத்துவிடுமாம். இதையெல்லாம் யாரோ எடுத்துப் போட்ட வீடியோக்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

நான் குறை கண்டுபிடிக்கிற நோக்கத்தோடுதான் படித்தேன். முடியவில்லை. ரயிலில் ராத்திரிகள் கழிவதால் அத்தனை லாட்ஜ் வாடகை மிச்சம். ஏசி வேண்டாம், ஐப்பசியில் அந்தப் பக்கம் காற்று குளிர்ந்திருக்கும். போகும்போது சாப்பிடப் புளிச்சோறு, அது தீர்ந்ததும் பிரெட். எல்லா இடத்திலும் டவுன் பஸ், ஹம்பியில் மட்டும் ஒரு நாள் ஆட்டோ, ஏனென்றால் ‘அங்க நடந்தா பாதிதான் பாக்க முடியும், பாதி பாத்துட்டு வாரதுக்கு இம்புட்டுத் தூரம் போகணுமா’ என்று பக்கத்தில் குறிப்பு. எங்கள் அலுவலகத்தில் எந்த அதிகாரியும் இப்படி ஒரு பயணத் திட்டம் கொடுத்ததில்லை. சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் ரிசர்வேஷன் திறந்த அன்று காலையிலேயே இருவருக்கும் டிக்கெட் எடுத்தோம்.

இங்கேதான் நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். உசிலம்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர் அம்மனுக்கு ஐப்பசியில் திருவிழா. காலண்டரில் தேதி கிடையாது. ஊர் கூடிப் பேசி, சாமி சாட்டி, அதாவது திருவிழாவை அறிவித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுவார்கள். பங்காளிகளில் வருடத்துக்கு ஒருவர் கையில் மஞ்சள் துணிக் காப்புக் கட்டிக்கொண்டு அடுத்த செவ்வாய் பொங்கல் வைத்துத் திருவிழா முடியும்வரை எட்டு நாளும் கோயிலிலேயே தங்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. அடுத்த முறை என்னுடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பங்காளிகள் யாருக்கு முதல் மரியாதை என்று சண்டை போட்டு மூன்று வருடமாகத் திருவிழாவே நடக்கவில்லை. அவர்கள் ஒத்துப்போவார்கள் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. அந்தச் சண்டையை நம்பித்தான் டிக்கெட் எடுத்தேன்.

அவர்கள் அரை மணி நேரத்தில் ஒத்துப்போய்விட்டார்கள். அண்ணன் போன் செய்தார்.

“சாமி சாட்டியாச்சுடா தம்பி. வார செவ்வாக்கெழம காப்பு. ஒம்மொறதான். லீவு போட்டு வந்துரு.”

எங்கள் ரயில் அதற்கு முந்தின நாள் சாயங்காலம். காப்பை வேறு ஆளுக்கு மாற்றலாமா என்று மென்று விழுங்கிக் கேட்டேன். “மூணு வருசம் கழிச்சு நடக்குது, நீயே இப்படிப் பேசுனா மறுபடியும் ஒடஞ்சிரும்டா” என்றார். அவர் சொன்னதும் உண்மை. போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தேன்.

அவளிடம் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்தினாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் இருந்து திருப்பி என் கையில் கொடுத்தாள்.

பின்பக்கத்தில் இருந்து வேறொரு திட்டம் ஓடியது. அதே ஊர்கள், அதே நாள்கள், ஒரே ஓர் ஆளுக்கு. ஹொஸ்பேட்டில் பஸ் நிலையத்துக்கு எதிரே குடும்பங்கள் தங்கும் லாட்ஜ். பாதாமியில் ஓர் அம்மா நடத்தும் விடுதி, அவரோடு போனில் பேசியாயிற்று என்று ஒரு டிக். எந்த ஊரிலும் இருட்டிய பிறகு போய் இறங்குவது இல்லை. தெரிந்துகொள்ள வேண்டிய கன்னட வார்த்தைகள் தமிழ் எழுத்தில். எல்லாவற்றுக்கும் மேலே முன்பக்கத்தில் இருந்த அதே தேதி, அதே பேனா.

“அப்ப நீ என்னைய நம்பவே இல்லையா?” என்றேன். குரல் உயர்ந்துதான் போயிற்று.

“நம்புனேங்க. மூணு தடவ நம்புனேன்” என்றாள்.

அவமானமாக இருந்தது. கூடவே, இதைச் சொல்லியாக வேண்டும், பிரமிப்பாகவும் இருந்தது. வீட்டில் உப்புத் தீர்ந்தால்கூட என்னிடம் கேட்டு வாங்குகிறவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பெண், இரண்டு மாதமாக எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அரை இந்தியாவைத் தனியாகக் கடக்கத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இனி ஒரே தடைதான் இருந்தது. அண்ணன் மனைவி, எங்கள் மதினி, நேரில் வந்தே பேசினார். “காப்புக் கட்டுன வீட்டுப் பொம்பள ஊரு தாண்டுவாளா? எந்தக் காலத்துல நடந்துருக்கு?” என் மனைவி மதினிக்குக் காபி கொடுத்துவிட்டு, பூசாரிக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அண்ணே, காப்புக் கட்டுனா வீட்டுப் பொம்பளைகளும் ஊரு தாண்டக் கூடாதா?”

பூசாரியின் குரல் வந்தது. “காப்பு ஒம்புருசன் கையிலதான தாயி இருக்கு? நீ எங்கிட்டாச்சும் போ, வா. வீட்ல கவுச்சி மட்டும் சமைக்கக் கூடாது.”

“வீட்ல இருந்தாத்தானண்ணே சமைக்க.”

“அப்பச் சரித்தா.”

மதினி காபியைக் குடித்துவிட்டு, “நாங்க யாரும் இதக் கேட்டதே இல்லையே” என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. போகும்போது, “குளிருமாம்ல, என் கம்பளிய வாங்கிட்டுப் போ” என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மதுரை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டேன். என் படுக்கையை ரத்து செய்திருந்தோம், அதில் ஒரு கல்லூரிப் பையன் வந்து உட்கார்ந்தான். பத்திரம், பத்திரம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். “நீங்க பத்திரமாக் கோயில்ல இருங்க, பொங்க வைக்கிறதுக்கு மொத நாளு வந்துருவேன்” என்றாள். ரயில் நகர்ந்தபோது அவள் முகத்தில் பயம் தெரிந்தது. அது தெரிந்ததுதான் எனக்கு அவள் மேல் இன்னும் மரியாதையைக் கூட்டியது. பயந்துகொண்டேதான் போகிறாள்.

மறுநாள் என் கையில் காப்பு. கோயில் மண்டபத்தில் பாய். அவளிடம் இருந்து தினம் ஒரு தடவை போன் வரும். ஹம்பியில் இருந்து பேசியபோது மூச்சு வாங்கியது. “ஏங்க, நம்ம ஒத்தக்கட யானமலய ஒடச்சு ஒடச்சு ஊரு பூரா எறிஞ்சாப்ல கெடக்குங்க பாற. இந்த ஊரு ராசாங்க அனுப்பி வச்ச நாயக்கருங்கதான் நம்ம ஊருக்கு வந்து ஆண்டாங்களாம். இவங்க ஊரு இடிஞ்சு கெடக்கு, அவங்க கட்டுனது நம்ம ஊர்ல நின்னுக்கிட்டு இருக்கு. நெனச்சா ஒரு மாதிரியா இருக்குங்க.” மகாலைத் தாண்டி நான் எத்தனை ஆயிரம் தடவை வண்டியில் போயிருப்பேன்! ஒரு தடவைகூட எனக்கு ஒரு மாதிரியாக இருந்ததில்லை. பாதாமியில் சிவப்புப் பாறைக்குக் கீழே குளம் இருப்பதாகவும், குரங்கு பிரெட்டைப் பிடுங்கிவிட்டதாகவும் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாதது.

சனிக்கிழமை காலை ஏழு மணி வாக்கில் போன் அடித்தது. அண்ணனும் பூசாரியும் பொங்கப் பானைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் மண்டபத்து ஓரமாகப் போனேன்.

“உள்ள நிக்கிறேங்க” என்றாள். ரகசியம் பேசுகிற மாதிரிப் பேசினாள். “தூணே இல்ல. மெய்யாவே இல்ல. கீழ நின்னு அண்ணாந்து பாத்தேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. இப்ப மேல மாடத்துல நிக்கிறேன். எட்டிப் பாத்தா அடிவயிறு கூசுது. தரையக் கூட்டுறவரு ஒருத்தரும் நானும்தான் இருக்கோம்.”

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் கூட்டிக்கொண்டு போகாமலே பார்த்துவிட்டாள்.

“இங்கன செவுத்துக்கிட்ட மெதுவாப் பேசுனா அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்குக் கேக்குமாம். எனக்குத்தான் அந்தப் பக்கம் ஆளு இல்லேல்ல. அதனால நானே சொல்லிக்கிட்டேன்.”

“என்ன சொன்ன?”

“எம்பேரத்தான். நம்ம வீட்ல யாரு அதச் சொல்றா? கேளுங்க.” போனைத் தள்ளிப் பிடித்தாள் போல. அவள் தன் பெயரை ஒரு தடவை சொன்னாள். கும்மட்டம் அதை வாங்கித் திரும்பத் திரும்பச் சொல்லியது. என் காதில், எங்கள் ஊர்க் கோயிலில், அந்தப் பெயர் சுற்றிச் சுற்றி வந்தது. நான் அவளை ஏய் என்பேன், இந்தா என்பேன். அண்ணன் வீட்டில் அவள் சின்னவன் பொண்டாட்டி. தெருவில் டெய்லரக்கா. பெயரைக் கடைசியாக நான் எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். ரேஷன் கார்டுக்கு மனுக் கொடுத்தபோது சொல்லியிருப்பேன்.

“ஸ்பீக்கர்ல போட்டுச் செவுத்துல வச்சுருக்கேன். நீங்களும் ஒரு தடவ சொல்லுங்க.”

அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். நான் மெதுவாகச் சொன்னேன்.

“கேக்கலைங்க. சத்தமா.”

சத்தமாகவே சொன்னேன். அண்ணனும் பூசாரியும் பானையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். போனில் என் குரலே அவளைக் கூப்பிட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழு வரைக்கும் எண்ணினேன். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“என்ன, அழுகிறியா?” என்று பயந்துபோய்க் கேட்டேன்.

“இல்லங்க. கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றாள்.