படுதாவின் கோடியில் நிற்பவர்

வேல்சாமி நாடகப் படுதா எழுதுவதைப் பார்த்தவர்கள் எல்லோரும் அறிந்த பழக்கம் அது. பிரஷ்ஷால் இரண்டு தீற்று. உடனே பின்னாலேயே நடந்து, கடைசி வரிசைப் பெண்கள் உட்காரும் தூரத்துக்குப் போய், கண்ணை இடுக்கிப் பார்ப்பார். தூரத்து மரத்துக்கு இலை போடமாட்டார். "மிச்சத்தக் கண்ணு போட்டுக்கிரும்" என்பார்.

கூலி உழவு வீட்டில் பிறந்து, நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதிப் பிழைத்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ராமேசுவரம் கோயில் பிரகாரத்தை எழுதினார். இருபுறத் தூண்களும் சிறுத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் சேரும். அந்தக் கோடி வெறிச்சென்று இருந்ததால், மூன்று தீற்றில் ஓர் ஆளை நிறுத்தினார். முகம் கிடையாது.

உத்தரகோசமங்கையில் நாடகம் முடிந்த மறுநாள் காலை, படுதாவைச் சுருட்டப் போனபோது பூமயில் வந்து நின்றாள். களையெடுப்புக்குப் போகிறவள்.

"அண்ணே, அங்கன கடைசில நிக்கிறது எங்க வீட்டுக்காரருல்ல?"

"அது யாருமில்ல தாயி. சும்மா ஒரு ஆளு."

"சிலோனுக்குப் போனவரு. ஒரு தாக்கலும் கடுதாசியும் இல்ல. தோள ஒருபக்கம் சாச்சு, இப்படித்தான் நிப்பாரு."

ஆர்மோனியக்காரர் கூத்தையா சிரித்தார். "ஏலே வேல்சாமி, ஊரான் புருசனயெல்லாம் தூணுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கியா?"

பூமயில் சிரிக்கவில்லை. அவர் செத்துவிட்டதாகவே முடிவுகட்டி, தை பிறந்ததும் தாலியை இறக்கச் சொல்லிப் பங்காளிகள் நெருக்குகிறார்கள் என்றாள். வேல்சாமி அவளைப் படுதாவுக்குக் கிட்டே கூட்டிப்போனார். காவியும் கறுப்புமாக மூன்று கறை. அவள் தொட்டுப் பார்த்தாள். பிறகு விலகி விலகிப் போய்ப் பந்தக்காலோரம் நின்றாள்.

"இப்ப வந்துட்டாரு. முகத்த மட்டும் இங்கிட்டுத் திருப்பி எழுதுங்கண்ணே. அவருதான்னு தெரிஞ்சா நான் கழத்த மாட்டேன்."

"எழுதிட்டு வாரேன். அதுவரைக்கும் கழத்தாத தாயி." வாய் சொல்லிவிட்டது.

காகிதத்தில் எழுதிப் பார்த்தார். மூக்கு வைத்தால் வேறு யாரோ வந்து நின்றார்கள். அழித்தால் பூமயில் சொன்னவர் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு வேல்சாமிக்கும் படுதாவில் இருந்த அந்த மூன்றும் தீற்றுகளாகத் தெரியவில்லை. படுதா தொங்கிய கொட்டகைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கோடியில் ஒருவர் காத்து நின்றார். தன் கை எழுதியதுதான் என்று எவ்வளவு சொல்லியும் கண் கேட்கவில்லை. ஒருநாள் அந்த இடத்தில் சுண்ணாம்பு நிறம் பூசினார். பூசிய இடத்தில் அவர் இன்னும் துலக்கமாக நின்றார்.

கம்பெனி மறுபடி அந்த ஊருக்குப் போனபோது வேல்சாமி காய்ச்சல் என்று தங்கிவிட்டார். கூத்தையா திரும்பி வந்து சொன்னார்: "அந்தப் பிள்ள கேட்டுச்சு, எழுதிட்டாரான்னு. அதுகூடப் பங்காளிக சோறுதண்ணி புழங்குறதில்லயாம். தாலி கழுத்துலதான் கெடக்கு."

வேல்சாமி அறுபத்திரண்டாம் வருஷம் ஆடியில் இறந்துபோனார். பூமயிலுக்கு அவர் கொடுக்க வேண்டிய முகம் அப்படியே பாக்கி.